ஒரு காட்சி போதும்: ஃபயீனா ரானெவ்ஸ்கயா

வணக்கம். படம் போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் படத்தில் நடித்த அம்மாவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

ஒரு நடிகை என்றால் எத்தனை படம், எத்தனை கதாநாயகி வேடம் என்று கணக்குக் கேட்பது நம் வழக்கம். சோவியத் ரஷ்யாவின் நடிகை ஃபயீனா ரானெவ்ஸ்கயாவிடம் அந்தக் கணக்கு எடுபடாது. கதாநாயகிக்கு மாமியாராகவோ சிற்றன்னையாகவோ வீட்டுக்காரியாகவோ வருவார். ஐந்து நிமிஷம் இருப்பார், போய்விடுவார். வீட்டுக்குப் போகும்போது ஜனங்கள் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போவார்கள்.

1896-இல் ரஷ்யாவில் தகன்ரோக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். நாடகாசிரியர் செகாவ் பிறந்ததும் அதே ஊர்தான். வசதியான யூதக் குடும்பம், குடும்பப் பெயர் ஃபெல்ட்மன். சின்ன வயதில் திக்குவாய் வேறு. இந்தப் பெண் மேடையேறுவேன் என்று நின்றால் எந்த அப்பா சம்மதிப்பார்? மகள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள். ஒருநாள் கையில் இருந்த பணம் காற்றில் பறந்ததாம். அதைத் துரத்தாமல் ‘எவ்வளவு அழகாகப் பறக்கிறது’ என்று ரசித்துக்கொண்டு நின்றாராம். பக்கத்தில் இருந்தவர் ‘நீ அசல் ரானெவ்ஸ்கயா’ என்றாராம். செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தில் காசைக் கையில் நிறுத்தத் தெரியாத அந்தச் சீமாட்டியின் பெயர் அது. அதையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டார்.

1917-இல் புரட்சி. குடும்பம் கப்பலேறி நாட்டைவிட்டுப் போனது. இவர் மட்டும் போகவில்லை, நாடகம் இங்கேதானே இருக்கிறது! பாவ்லா வுல்ஃப் என்ற மூத்த நடிகை இவரைத் தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு தொழில் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் உள்நாட்டுப் போர். கிரிமியாவில் இருந்தபோது சாப்பாட்டுக்கே வழியில்லை. கவிஞர் வொலோஷின் காலையில் முதுகில் பையோடு வருவாராம். காகிதத்தில் சுற்றிய பொடிமீன், ரொட்டி என்று சொல்லிக்கொள்ளும் ஏதோ ஒன்று, மீன் பொரிக்க ஒரு சின்ன பாட்டில் விளக்கெண்ணெய். விளக்கெண்ணெயில் பொரித்த மீன் வாடை எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்தக் குமட்டலை ரானெவ்ஸ்கயா கடைசிவரை மறக்கவில்லை, கொண்டுவந்து கொடுத்த மனிதரையும் மறக்கவில்லை.

சினிமாவுக்கு வரும்போது வயது முப்பத்தேழு தாண்டிவிட்டது. 1934-இல் இயக்குநர் மிகயீல் ரோம் எடுத்த முதல் படம், பிரெஞ்சு எழுத்தாளர் மொப்பசானின் கதை. பேசாத படம், யார் என்ன பேசினாலும் காதில் விழப்போவதில்லை. ஆனாலும் இவர் மூலக்கதையைப் பிரெஞ்சில் தேடிப் படித்துத் தன் பாத்திரத்தின் வசனத்தை அந்த மொழியிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். இந்த ஒரு விஷயம் போதும், அவர் எப்படிப்பட்ட தொழில்காரி என்று தெரிந்துகொள்ள.

1939-இல் ‘கண்டெடுத்த பிள்ளை’. வழி தவறிய ஒரு சிறுமியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகத் துடிக்கும் பெண்ணாக வருவார். பின்னாலேயே தலையாட்டிக்கொண்டு ஒரு புருஷன். ‘மூல்யா, என்னை டென்ஷன் பண்ணாதே!’ என்று அவனை ஒரு அதட்டு அதட்டுவார். ஊரெல்லாம் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டது. தெருவில் பார்த்தால் பையன்கள் கூவிக்கொண்டே பின்னால் ஓடுவார்கள். 1976-இல் ‘ஆர்டர் ஆஃப் லெனின்’ விருது கொடுத்தபோது நாட்டின் தலைவர் பிரெஷ்னேவ்கூட அந்த வசனத்தைத்தான் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. ரானெவ்ஸ்கயாவுக்கோ அந்த மூல்யாவைக் கேட்டாலே எரிச்சல். நாற்பது வருஷம் வேறென்னவெல்லாமோ செய்தவருக்கு எரிச்சல் வராதா?

பெரிய வேடம் வந்தபோது அதையும் தட்டிப் பறித்தார்கள். பெயர்பெற்ற இயக்குநர் ஐசென்ஸ்டைன், ரஷ்ய மன்னர் இவானைப் பற்றி எடுத்த படத்தில் எஃப்ரோசீனியா பாத்திரத்துக்கு இவரைத்தான் கேட்டார். குளோசப்பில் யூத முகச்சாயல் தெரிகிறது என்று சினிமாத்துறைத் தலைவர் பல்ஷகோவ் எழுதி மறுத்துவிட்டார். வேடம் வேறொரு நடிகைக்குப் போனது. அதே அரசு பின்னால் இவருக்கு மூன்று ஸ்டாலின் பரிசு கொடுத்தது, ஒன்று 1949-இல், இரண்டு 1951-இல். முகம் என்னவோ அதே முகம்தான்.

மேடையில் வேறு மாதிரித் தொல்லை. மாஸ்கோவின் மொஸ்ஸோவியெத் அரங்கில் ‘புயல்’ என்ற நாடகம். அதில் கள்ளச் சந்தைக்காரி மான்காவாக ஒரே ஒரு விசாரணைக் காட்சி. வசனத்தைத் தானே எழுதிச் சேர்த்துக்கொண்டார், நாடகாசிரியரும் ஒப்புக்கொண்டார். அந்தக் காட்சி முடிந்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள் என்பதால் இயக்குநர் ஸவாத்ஸ்கி காட்சியையே எடுத்துவிட்டார் என்கிறார்கள். நன்றாக நடித்ததற்குத் தண்டனை!

இன்று இணையத்தில் ரானெவ்ஸ்கயா சொன்னது என்று ஆயிரம் துணுக்குகள் சுற்றுகின்றன. பாதிக்கு மேல் யாரோ கட்டிவிட்டது என்பது என் சந்தேகம். நம் ஊர்த் தெனாலிராமன் மாதிரிதான், யார் செய்த குறும்பையும் அவர் தலையில் கட்டிவிடலாம். நினைவுக்குறிப்பு எழுத ஒத்துக்கொண்டு, எழுதியதைக் கிழித்துப்போட்டு, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

எழுபதைத் தாண்டியபிறகு கிடைத்தது ‘அப்புறம் மௌனம்’ என்ற நாடகம். எஃப்ரோஸ் இயக்கம், கூட நடித்தவர் பிளியாத். பிள்ளைகளுக்குப் பாரமாகிப்போன கிழவனையும் கிழவியையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து அனுப்புகிறார்கள், அவ்வளவுதான் கதை. டிக்கெட் கிடைக்காது. 1984 ஜூலையில் மாஸ்கோவில் காலமானார். பல வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து தேடி வந்து சேர்ந்த அக்காவுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

சரி, விளக்கை அணைக்கச் சொல்கிறேன். இப்போது பார்க்கப்போவது ரோம் 1941-இல் எடுத்த ‘கனவு’. விடுதி நடத்தும் ரோசா ஸ்கொரொகோத் என்ற அம்மாளாக வருவார். கறாரானவள், பைசாவுக்குக் கணக்குப் பார்ப்பவள், முதலில் உங்களுக்குப் பிடிக்காது. மகனைச் சிறையில் பார்க்க வருகிற காட்சிவரை பொறுத்திருங்கள். பேச்சு அதிகம் இராது. அவர் கண்ணை மட்டும் பாருங்கள்.