சிக்கரி கூடியது நாக்குக்குத் தெரியுமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

காபித்தூள் அரைத்து விற்கும் நேயர் ஒருவரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தம் தூளில் 20 சதவீதமாக இருக்கும் சிக்கரியை 30 ஆக்க நினைக்கும் அவர், பத்துப் பேருக்கு இரண்டு காபியையும் கொடுத்து எது நன்றாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். ஐந்து பேர் பழையதையும் ஐந்து பேர் புதியதையும் சொன்னார்களாம். அப்படியானால் வித்தியாசம் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்கிறார்.

எடுத்துக்கொள்ள முடியாது. பத்துப் பேரும் வித்தியாசத்தைத் தெளிவாக உணர்ந்து, அவர்களில் பாதிப் பேருக்குக் கசப்பு கூடியது பிடித்திருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். எது பிடிக்கிறது என்பதும் வேறுபாடு தெரிகிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் ஒரே அமர்வில் கேட்பதே தவறு என்பேன். (சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம், அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை.)

உங்களுக்குப் பொருந்துவது முக்கோணச் சோதனை. 1940களில் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் உருப்பெற்ற இந்த முறையில், சுவைப்பவருக்கு மூன்று கோப்பைகள் தரப்படும். அவற்றில் இரண்டு ஒரே தூளில் போட்டவை, ஒன்று மற்றதில் போட்டது. தனித்திருப்பது எது என்று மட்டும் அவர் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்ற விடைக்கு இடம் கிடையாது. தெரியாவிட்டால் ஊகித்தாவது ஒன்றைக் காட்ட வேண்டும், ஏனெனில் வெறும் ஊகத்தில் மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்ற கணக்கின் மேல்தான் முழுச் சோதனையும் நிற்கிறது.

கணக்கைவிடக் கடினமானது கோப்பைகளை ஆயத்தம் செய்வது. சிக்கரி கூடினால் டிகாஷன் கறுத்துவிடும். நாக்குக்கு வேலை வைக்காமல் கண்ணே விடையைச் சொல்லிவிடும். ஆய்வகங்களில் இதற்காகச் சிவப்பு விளக்கு போடுவார்கள். நீங்கள் உறிஞ்சும் துளையுள்ள மூடி போட்ட பேப்பர் கப்புகளைப் பயன்படுத்தலாம். மூன்றிலும் அளவும் சூடும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்று சற்று ஆறியிருந்தாலும் அதையே தனித்ததாகக் காட்டிவிடுவார்கள். கப்பின் மேல் ஏ, பி என்றோ 1, 2 என்றோ எழுதினால் முதலாவது உயர்ந்தது என்ற எண்ணம் தானாக வந்துவிடும் என்பதால், 482, 917 போல மனம்போன மூன்று இலக்க எண்களை எழுதுங்கள். பழையது இரண்டும் புதியது ஒன்றும், புதியது இரண்டும் பழையது ஒன்றும் என அடுக்கக்கூடிய ஆறு வரிசைகளையும் சம அளவில் பங்கிட்டுக் கொடுங்கள். கசப்பு நாக்கில் தங்கும் என்பதால் இடையிடையே வெந்நீர் கொப்பளிக்கச் சொல்லி, ஒருவருக்கு ஒரு சுற்றோடு நிறுத்துங்கள். சிக்கரி மாற்றம் தெரிந்த உங்கள் கடை ஊழியர்கள் இதில் உட்கார வேண்டாம்.

கறுப்புக் காபியா, பால் சேர்த்ததா என்று கேட்பீர்கள். கறுப்பில் வேறுபாடு எளிதாகப் பிடிபடும். ஆனால் உங்கள் கவலை வாடிக்கையாளரைப் பற்றியது என்பதால், அவர் குடிக்கும் விதமாகப் பாலும் சர்க்கரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி எண்ணிக்கை. 30 பேர் சுவைத்தால், ஊகத்திலேயே சுமார் 10 பேர் சரியாகச் சொல்வார்கள். 15 பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால்தான், தற்செயலாக இப்படி நேர நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு என்ற அளவில், வேறுபாடு தெரிகிறது என்று முடிவு செய்யலாம். பத்துப் பேரை மும்முறை சுவைக்கவைத்து 30 என்று கணக்குக் காட்டுவது செல்லாது.

12 பேர்தான் சரியாகச் சொன்னார்கள் என்று வையுங்கள். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்: வேறுபாடு நிரூபணமாகவில்லை என்பதை வேறுபாடே இல்லை என்று படித்துவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியதோ பெரும்பாலோருக்கு வேறுபாடு தெரியாது என்ற உறுதி; அதற்கு இருமடங்கு ஆட்கள், ஏறத்தாழ 60 பேர் தேவைப்படுவார்கள். அத்தனை பேரையும் ஒரே நாளில் கூட்ட வேண்டியதில்லை, சில காலைகளில் பிரித்துச் செய்யலாம். ஆனால் இரண்டு தூளுக்கும் கொட்டை ஒரே வறுவலிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர்கள் கண்டுபிடித்தது சிக்கரியையா, வறுவலையா என்று உங்களால் சொல்ல முடியாது.