கட்டும் வேளை, அவிழ்க்கும் வேளை: மேற்றோலில் குரோமற்றின்

வணக்கம். உங்கள் புறங்கையை ஒருதரம் பாருங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றின் உப்பையும் புழுக்கத்தையும் தடுத்து நிற்பது, மேலே படிந்துள்ள இறந்த கலங்கள். அடியில் பிரிந்துகொண்டிருக்கும் அடித்தளக் கலங்களிலிருந்தே அவை வந்தன. அடித்தளக் கலத்துக்கும் மேலெழுந்து முதிரும் கலத்துக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான், வாசிக்கப்படும் பரம்பரையலகுகள் வேறு.

ஒரு கலத்தின் கருவுக்குள் ஏறக்குறைய 2 மீற்றர் டி.என்.ஏ. இருக்கிறது. புறக்கோட்டைப் புடவைக்கடையில் மடித்து வைத்த சேலையின் முந்தானை வெளியே தெரியாது, விரித்தால்தான் தெரியும். இங்கும் அப்படித்தான். டி.என்.ஏ.யின் 147 மூலச்சோடிகள் 8 ஹிஸ்ரோன் புரதங்களைச் சுற்றிக்கொள்கின்றன. டி.என்.ஏ.யும் புரதமும் சேர்ந்த இந்தச் சுருட்டலே குரோமற்றின். எச்3 என்ற ஹிஸ்ரோனின் 27ஆவது அமினோ அமிலமான லைசினில் இ.இசட்.எச்.2 என்ற நொதியம் மூன்று மெதைல் கூட்டங்களைப் பதித்தால் அந்தப் பகுதி மூடிக்கிடக்கும். லோரிக்ரின், ஃபிலாக்ரின் போன்ற, தோல் முதிர்ச்சியின் கடைசிக்கட்டத்துக்குரிய பரம்பரையலகுகள் அடித்தளக் கலத்தில் மௌனமாக இருப்பது இதனால்தான்.

எலி முளையத்தின் மேற்றோலில் இந்த நொதியத்தை நீக்கிப் பார்த்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. பரம்பரையலகுகளை இயக்கும் ஏ.பி.1 என்ற காரணி உரிய காலத்துக்கு முன்பே அந்தப் பகுதிகளுக்குள் நுழைந்தது. தோலின் தடுப்பும் முந்திக்கொண்டு உருவானது. என் பார்வையில் முக்கியமான செய்தி இதுதான்: திறக்கும் காரணி பக்கத்திலேயே காத்திருந்தது, பூட்டுத்தான் நேரத்தைக் காத்தது. முறையான வளர்ச்சியில் ஜே.எம்.ஜே.டி.3 என்ற நொதியம் அந்த மெதைல்களை அகற்றுகிறது.

பரம்பரையலகுகளை இயக்கும் பி63 என்ற புரதத்தின் கை இன்னும் நீளம். அது இல்லாத எலிக்குட்டிகள் அடுக்குத் தோலின்றிப் பிறந்து, நீரிழந்து விரைவில் இறக்கின்றன. பி63 தூண்டும் பி.ஆர்.ஜி.1 என்ற புரதம், தோல் முதிர்ச்சிக்கான பரம்பரையலகுத் தொகுதியைக் கருவின் ஓரத்திலிருந்து உட்புறத்துக்கு நகர்த்துகிறது. மனிதரில் இத்தொகுதி 1ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. சற்பி1 என்ற புரதம் அதன் மடிப்பை ஒழுங்குசெய்கிறது.

ஆய்வுகூடத்தில் நிற்கும் மாணவருக்கு ஒரு சொல். தோல் துண்டை டிஸ்பேஸ் என்ற நொதியத்தில் 4 பாகை செல்சியசில் இரவு முழுவதும் ஊறவிட்டால் மேற்றோல் தாளாகக் கழன்று வரும். குரோமற்றினை ஆராய, புரதத்தை டி.என்.ஏ.யோடு பிணைக்க 1 சதவீத ஃபோமல்டிஹைட்டில் 10 நிமிடம் போதும். கூடினால் குரோமற்றின் துண்டாகாது, பிறபொருளெதிரியும் ஒட்டாது. கல வளர்ப்பில், முதிர்ச்சியைத் தூண்டும் கல்சியத்தை 0.05 மில்லிமோலாரளவில் வையுங்கள். வளர்ப்பில் சேர்க்கும் சீரத்திலிருக்கும் கல்சியத்தை நீக்க மறந்தால், நீங்கள் அடித்தளக் கலம் என்று எண்ணுபவை ஏற்கெனவே முதிரத் தொடங்கியிருக்கும். பூட்டைத் தேடுவீர்கள், அது அவிழ்ந்து போயிருக்கும்.