ஒன்றுமில்லாத கடற்கரையே எங்கள் கட்சி

நடுவர் அவர்களே, மலேசியாவின் பந்திங் வட்டாரத்துத் தோட்ட மக்களே, எதிரணியில் இருந்து முறைத்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

“குடும்பத்தோடு போக ஏற்றது வசதி நிறைந்த கடற்கரையா, வசதி வராத கடற்கரையா?” இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய டீச்சர் அக்கா, நம் பக்கத்து மோரிப் கடற்கரையைத் தாண்டி, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கரைக்குப் போய் அவதிப்பட்ட கதையைச் சொன்னார். கடை இல்லை, குடை இல்லை, கழிவறை இல்லை, கடிக்கிற பூச்சி மட்டும் தாராளம் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டுங்கள், பரவாயில்லை. கணக்கில் வைத்திருக்கிறேன்.

ஐயா, இந்த மண்டபத்துக்கு வெளியே என்ன இருக்கிறது? செம்பனை. ஒன்பது மீட்டருக்கு ஒரு மரம், ஹெக்டருக்குப் பெரும்பாலும் 136 முதல் 148 வரை. அதற்கு முன்னால் ரப்பர் பால்மரம் இருந்த காலத்திலும் வரிசைதான். லயத்து வீடுகளும் வரிசை, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆளும் வரிசை. யாரோ கயிறு பிடித்து அளந்து கொடுத்த நிலத்திலேயே நம் தாத்தா பாட்டி காலம் முழுக்க நடந்தார்கள். அவர்கள் எப்போதாவது தோட்டத்து லோரியில் ஏறிக் கடலுக்குப் போனது எதற்கு? அங்கே கயிறு பிடிக்க ஆளில்லை. இப்போது எதிரணி அங்கேயும் நாற்காலி வரிசை, குடை வரிசை, கடை வரிசை கேட்கிறது. இங்கே பார்த்த வரிசை போதாதா அண்ணே?

பார்க்க ஒன்றுமே இல்லை என்றார் அக்கா. நீர் வற்றிய நேரத்தில் குனிந்து பார்த்திருக்க வேண்டும். நகத்தளவு நண்டு ஒன்று வளையை விட்டு வரும். ஈர மண்ணை வாயில் அள்ளும். அதில் ஒட்டியிருக்கிற தீனியை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தை உருட்டி மணி மணியாகத் தள்ளும். கொஞ்ச நேரத்தில் வளை வாசலைச் சுற்றிக் கோலப்புள்ளி வைத்தது போல உருண்டைகள். கடல்நீர் ஏற்றம் வந்தால் எல்லாம் அழியும். வற்றியதும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். என் மகள் அதன் பக்கத்தில் குந்தியவள் எழுந்திருக்கவே இல்லை, கைப்பேசியையும் கேட்கவில்லை. தினமும் டிராக்டர் விட்டு மணலைச் சமன் செய்கிற கரையில் அந்த நண்டு எங்கே போய் வளை தோண்டும்?

அடுத்து, “அழகான விளக்கு போடலாம்” என்றார்கள். நம் நாட்டுக் கிழக்குக் கரையில், திரெங்கானு மாநிலத்தில், ரந்தாவ் அபாங் என்று ஒரு கரை. 1950களில் அங்கே பெரிய தோல்முதுகு ஆமைகள் வருசத்துக்குப் பத்தாயிரம் கூடுகளுக்கு மேல் முட்டையிட்டன. இன்று அந்த ஆமையை அங்கே காண்பதே அபூர்வம். விளக்கு மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். முட்டையைத் தோண்டி விற்றோம், ஆமை மீன்வலையில் சிக்கிச் செத்தது, கூட்டம் கூட்டமாக டார்ச் அடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கவும் போனோம். ஆனால் ஆமைக்குஞ்சு பொரிந்து வந்ததும் வெளிச்சமான பக்கம்தான் ஓடும். இருட்டான கரையில் அந்த வெளிச்சம் கடல். விளக்குக் கம்பம் நட்ட கரையில் அது ரோடு.

கரையோரமாக எதிரணி கேட்கிற தடுப்புச் சுவருக்கு வருகிறேன். மணற்சரிவில் ஏறுகிற அலை ஏறும்போதே வலுவிழக்கும். சுவரில் மோதினால் வேகத்தோடு திரும்பி, சுவரடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும். மணலைப் பிடித்து வைக்கிற அடப்பங்கொடியையும் சவுக்கையும் வெட்டிவிட்டுத்தான் அந்தச் சுவரையே கட்டுகிறார்கள். மோரிப் பக்கத்துச் சேறு லேசுப்பட்டதில்லை ஐயா. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி, ஜப்பான் சரணடைந்த பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் படை அங்கே கரையிறங்கியபோது வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றன. பட்டாளத்துக்கே அடங்காத கரையை நம் குத்தகைக்காரர் சிமெண்டு கொட்டி அடக்கப் போகிறாராம்!

ஆபத்து இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. உயிர்காப்பாளர் இல்லாத இடத்தில் பிள்ளைகளை இடுப்பளவுத் தண்ணீருக்கு விடாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். வற்றிய சேற்றுவெளியில் வெகுதூரம் நடந்தால், ஏற்ற நீர் முதலில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஓடையில்தான் நிறையும். அன்றைய நீர் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கிழக்குக் கரைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிக்கப் போகவே வேண்டாம். இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஹோட்டல் எதற்கு?

சாப்பாடு? புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். கொண்டு போன பையிலேயே குப்பையையும் திருப்பிக் கொண்டு வாருங்கள். இந்த இடத்தில் நம்ம ஆட்களுக்காக என்னால் வாதாட முடியாது. சாப்பிட்ட டப்பாவைச் சவுக்கு அடியில் செருகிவிட்டு, “கடற்கரை அசுத்தம்” என்று ஊருக்கு வந்து சொல்கிறவர்களும் நாம்தான்.

கழிவறையை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். வயசான அம்மாக்கள், சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள் பாடு எனக்கும் தெரியும். கட்டுங்கள். மணலை விட்டுத் தள்ளி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால், ரோட்டோரமாக, கழிவு கடலில் கலக்காதபடி கட்டுங்கள். அதற்கு மேல் ஒரு செங்கல் வைக்க எங்கள் அணி சம்மதிக்காது.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வருகிற எதிரணி அண்ணனுக்கு ஒரே கேள்வி: நீங்கள் கேட்கிற வசதியெல்லாம் வந்த பிறகு, அந்தக் கரையில் கார் நிறுத்தக் காசு கேட்பார்களா, மாட்டார்களா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.