மாடித் தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி? ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூவில் ஒரு வெப்பப் பதிவுக் கருவி

[காட்சி: மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, உச்சி வெயில்]

மே மாதம் மதியம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைச் சுடுகிறது. தொட்டியில் அது எத்தனை டிகிரி வரை போகிறது? எத்தனை மணிக்கு உச்சத்தைத் தொடுகிறது? இரவில் ஆற எவ்வளவு நேரம் ஆகிறது? ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, நேரத்தோடு எழுதி வைக்கும் கருவி ஒன்றை இப்போது செய்யலாம்.

[காட்சி: மேசையில் பலகை, அதன் பக்கத்தில் ஸ்கேல்]

பலகை இதுதான். ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ, 2021 அக்டோபரில் வந்தது. நீளம் 65 மில்லிமீட்டர், அகலம் 30. உள்ளே நான்கு கோர் பிராசஸர், 512 எம்பி நினைவகம், வைஃபை. வெப்பத்தை அளப்பது மட்டும்தான் உங்கள் தேவை என்றால் இதைவிட விலை குறைந்த ஈஎஸ்பி32 என்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகை போதும், அதையும் சொல்லிவிட வேண்டும். நான் இதை எடுத்ததற்குக் காரணம், இது ஒரு முழு லினக்ஸ் கணினி. பதிவுகள் பலகையிலேயே கோப்பாக இருக்கும், லேப்டாப்பிலிருந்து எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். அதோடு இங்கே பழகும் லினக்ஸ் வேறு நூறு வேலைக்கு உதவும்.

திரையில் ஒரு எண்ணை வரவைப்பது சுலபம். அந்த எண்ணை நம்பலாமா என்பதுதான் கேள்வி. வழியில் நான் எங்கெல்லாம் நின்று சரிபார்க்கிறேனோ அங்கெல்லாம் நீங்களும் நில்லுங்கள்.

[காட்சி: இரண்டு மைக்ரோ யுஎஸ்பி துளைகள், நெருக்கமாக]

முதலில் கரண்ட். பலகையில் ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருக்கின்றன. ஓரத்தில் இருப்பது மின்சாரத்துக்கு, உள்ளே இருப்பது யுஎஸ்பி கருவிகளுக்கு. அடாப்டர் 5 வோல்ட், 2.5 ஆம்பியர் இருக்கட்டும். கேபிளையும் கவனியுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய போன் கேபிள்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் கம்பி மிகவும் மெல்லியது, வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். பெரிய பை பலகைகளில் வோல்டேஜ் சுமார் 4.63-க்குக் கீழே போனால் எச்சரிக்கும் சர்க்யூட் உண்டு. ஜீரோ வரிசையில் அது கிடையாது. ஆகவே பலகை எதுவும் சொல்லாமல் தானாக ரீஸ்டார்ட் ஆகும், சில சமயம் எஸ்டி கார்டில் உள்ள கோப்புகளும் கெட்டுப்போகும். பிழை புரோகிராமில் இருக்கிறது என்று நினைத்துத் தேடிக்கொண்டே இருப்போம்.

[திரையில்: இமேஜர் மென்பொருள்]

அடுத்து எஸ்டி கார்டு. லேப்டாப்பில், கார்டில் இயங்குதளத்தை எழுதும் ராஸ்பெர்ரி பை இமேஜரை நிறுவி, கார்டைச் செருகுங்கள். இயங்குதளத்தில் லைட் வகையைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் நமக்கு வேண்டாம், 512 எம்பியில் அது திணறும். கார்டில் எழுதுவதற்கு முன் இமேஜர் சில அமைப்புகளைக் கேட்கும். திரை, கீபோர்டு, மவுஸ் எதுவும் இல்லாமல் பலகையைத் தயார் செய்ய முடிவது இந்த ஒரு பக்கத்தால்தான், அவசரப்படாமல் நிரப்புங்கள். பலகைக்கு ஒரு பெயர் கொடுங்கள், நான் 'தொட்டி' என்பதை ஆங்கில எழுத்தில் கொடுக்கிறேன். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் நீங்களே வைக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த பழைய 'பை' என்ற கணக்கு 2022 ஏப்ரலிலிருந்து தானாக வருவதில்லை. வைஃபை பெயர், அதன் பாஸ்வேர்டு, நாடு இந்தியா. கடைசியாக எஸ்எஸ்எச் என்பதை இயக்குங்கள், லேப்டாப்பிலிருந்து பலகைக்குள் நுழையும் வழி அது.

ஒன்று கவனிக்க வேண்டும். இந்தப் பலகைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். உங்கள் ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் இருந்தால், அதைக் கொடுத்துவிட்டு எவ்வளவு காத்திருந்தாலும் பலகை இணையாது.

கார்டைப் பலகையில் செருகி, கரண்ட் கொடுங்கள். பச்சை விளக்கு சிமிட்டும். முதல் முறை கார்டின் முழு இடத்தையும் எடுத்துக்கொள்ள நேரம் ஆகும், சில நிமிடம் விட்டுவிடுங்கள். அப்புறம் லேப்டாப் டெர்மினலில் எஸ்எஸ்எச் கட்டளையோடு பயனர் பெயர், @ குறி, பலகையின் பெயர், கடைசியில் புள்ளி லோக்கல். பாஸ்வேர்டு கேட்டால் பலகை உயிரோடு இருக்கிறது, வைஃபையும் வேலை செய்கிறது. சென்சாரை இதுவரை தொடவே இல்லை, தொடவும் கூடாது.

[காட்சி: எஃகு முனை கொண்ட சென்சார், மூன்று வண்ணக் கம்பிகள்]

சென்சாரின் பெயர் டிஎஸ்18பி20. டல்லாஸ் செமிகண்டக்டர் வடிவமைத்தது. எஃகு உறைக்குள் அடைத்து, தண்ணீர் புகாதபடி கேபிளோடு கிடைக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் வாங்கலாம், ஆன்லைனிலும் வாங்கலாம். பெரும்பாலும் சிவப்பு மின்சாரம், கறுப்பு தரை (கிரவுண்ட்), மஞ்சள் தகவல். விற்பவரைப் பொறுத்து வண்ணம் மாறும், அதனால் கூடவே வரும் விவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதோடு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். அதன் கோடுகள் மஞ்சள், ஊதா, சிவப்பு.

[காட்சி: பலகையின் பின்கள், மிக நெருக்கமாக]

இப்போது கரண்டை அணைத்துவிட்டு வயரிங். பலகையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் உள்ளே போனால் சிப் எரிந்துபோகலாம், அதற்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. 3.3 வோல்ட் பின்னும் 5 வோல்ட் பின்னும் அடுத்தடுத்து இருப்பதுதான் சிக்கல். ஒன்றாம் எண் 3.3, இரண்டாம் எண் 5.

அதனால் நான் வெளி வரிசையையே தொடுவதில்லை. எஸ்டி கார்டு உங்கள் இடது பக்கமும், பின்கள் மேலேயும் இருக்கும்படி பலகையை வையுங்கள். ஓரத்து வரிசையில் முதல் இரண்டும் 5 வோல்ட். உள் வரிசையில் 5 வோல்ட் எங்குமே இல்லை. நமக்கு வேண்டிய மூன்றும் அங்கேயே இருக்கின்றன. இடமிருந்து முதலாவது 3.3 வோல்ட், நான்காவது தகவல் வரும் ஜிபிஐஓ 4, ஐந்தாவது தரை. பலகையைத் திருப்பினால் ஒன்றாம் பின்னின் ஈயப்பூச்சு மட்டும் சதுரமாக இருக்கும், சந்தேகம் வந்தால் அதைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ரெசிஸ்டர் தகவல் கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே வர வேண்டும். சென்சார் தகவல் கம்பியின் வோல்டேஜைக் கீழே இழுக்க மட்டுமே செய்யும், மீண்டும் மேலே தூக்குவது இந்த ரெசிஸ்டர்தான். இது இல்லாவிட்டால் எதுவும் படிக்க வராது. சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் பின்கள் பொருத்தியே வரும் ஜீரோ 2 டபிள்யூஎச் வாங்குங்கள்.

[திரையில்: டெர்மினல்]

ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, இன்டர்ஃபேஸ் பகுதியில் 1-வயர் என்பதை, அதாவது சென்சார் ஒரே தகவல் கம்பியில் பேசும் முறையை இயக்கி, ரீபூட் செய்யுங்கள். பிறகு 1-வயர் கருவிகளின் கோப்புறையில் 28 என்று தொடங்கும் புதுப் பெயர் ஒன்று வந்திருக்கும். அது இந்தச் சென்சாருக்கு மட்டுமே உரிய அடையாள எண். அதற்குள்ளே இருக்கும் கோப்பைத் திறந்தால் இரண்டு வரி.

முதல் வரியின் கடைசியில் 'YES' என்று இருக்கிறதா? தகவல் பிழையில்லாமல் வந்தது என்று அர்த்தம். 'NO' என்றால் அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள். இரண்டாவது வரியில் 31437. ஆயிரத்தால் வகுத்தால் 31.437 டிகிரி. மூன்று தசம இடம் வருகிறதே என்று மயங்க வேண்டாம், சென்சாரின் துல்லியம் கூட்டியோ குறைத்தோ அரை டிகிரிதான். ஒரு தசமம் போதும். திடீரென 85000 வந்தால் தண்ணீர் கொதிக்கவில்லை. மின்சாரம் வந்ததும் சென்சார் காட்டும் தொடக்க எண் அது. அளவெடுக்காமலே பதில் சொல்லிவிட்டது, கம்பி இணைப்பைப் பாருங்கள்.

[காட்சி: டம்ளரில் நொறுக்கிய ஐஸ், உள்ளே சென்சார்]

சந்தையில் இந்தச் சென்சாரின் நகல்கள் நிறைய. அதனால் தொட்டிக்குள் விடும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். டம்ளர் நிறைய ஐஸை நொறுக்கிப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கலக்கி, சில நிமிடம் சென்சாரை நடுவில் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி, அரை டிகிரிக்குள் காட்ட வேண்டும். ஒன்றரை, இரண்டு என்று நின்றால் வேறு சென்சார் வாங்கிவிடலாம்.

[திரையில்: சிறிய பைத்தான் நிரல்]

நிரல் சில வரிகள்தான். கோப்பைப் படிக்கிறது, 'YES' பார்க்கிறது, 85-ஐ ஒதுக்குகிறது, நேரத்தோடு ஒரு வரி எழுதுகிறது. லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான், அதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டும். ஒரு நாளைக்கு 288 வரி, கார்டுக்கு இது பாரமே இல்லை.

ஆனால் அந்த நேரம் சரியா? பலகையில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் இல்லை. கரண்ட் போய் வந்தால் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து தொடரும், இணையம் கிடைத்த பிறகே திருந்தும். ரூட்டர் எழுந்திருக்கத் தாமதமானால் மாலை ஐந்து மணித் தண்ணீர் மூன்று மணிக் கணக்கில் பதிவாகும். அதனால் நேரம் ஒத்திசைந்ததா என்று இயங்குதளத்திடம் கேட்டு, ஆம் என்றால் மட்டுமே எழுதும்படி நிரலில் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். வைஃபை எட்டாத இடம் என்றால் டிஎஸ்3231 கடிகாரச் சிப் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: மாடிப்படி அறையில் பலகை, தொட்டிக்குப் போகும் கேபிள்]

பலகையை வெயிலில் வைக்காதீர்கள். மாடிப்படி அறைக்குள் வைத்துவிட்டு, கேபிளை மட்டும் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். சென்சாரை எந்த ஆழத்தில் விடுவது என்பதையும் யோசிக்க வேண்டும், சூடான தண்ணீர் மேலேதான் நிற்கும். குழாயில் வருவது எத்தனை டிகிரி என்று தெரிய, அடியில், வெளியேறும் பைப்பின் மட்டத்தில் விடுங்கள். இரண்டையும் பார்க்க ஆசையென்றால் மேலே இன்னொரு சென்சார் போடலாம். அதே மூன்று பின்கள், அதே ஒற்றை ரெசிஸ்டர் போதும். கோப்புறையில் 28 என்று தொடங்கும் பெயர் இரண்டாகும். எது மேலே, எது கீழே என்று தெரிய, தொட்டியில் இறக்கும் முன்பே ஒன்றைக் கையில் பொத்திப் பிடித்து, எந்த எண் ஏறுகிறது என்று பார்த்து, கேபிளில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.