புகாரியின் பக்கங்கள் பறக்கும் ரஜப் மாதம்

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் ஸலாம். மதரஸாக்களின் பெரிய சவால் வெளியே இருக்கிறதா, உள்ளேயா? உள்ளேதான் என்கிறது எங்கள் அணி.

சவால் வெளியேதான் என்ற எதிரணியினர் 2024 நவம்பர் தீர்ப்பை எடுத்து வைத்தார்கள். உத்தரப் பிரதேச மதரஸாச் சட்டம் செல்லும், ஆனால் காமில், ஃபாஸில் என்ற மதரஸா உயர்கல்விப் பட்டங்கள் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தோடு மோதுவதால் அந்தப் பகுதி செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். மாணவர்களுக்கு இழப்புதான், மறுக்கவில்லை. பட்டம் செல்லுபடியானால் மட்டும் பாடம் உருப்பட்டுவிடுமா?

ஆலிம், அதாவது மார்க்க அறிஞர் ஆவதற்கான படிப்பின் கடைசி வருடத்துக்கு வாருங்கள். புகாரி முதல் இப்னு மாஜா வரை ஆறு ஹதீஸ் கிதாபுகளும் (நபிமொழித் தொகுப்பு நூல்கள்) அந்த ஒரே வருடத்தில். ரமளானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலில் தொடங்கி, அடுத்த ரமளானுக்கு முந்தைய ஷஅபானுக்குள் முடித்தாக வேண்டும். புகாரியில் மட்டும், திரும்ப வருபவற்றையும் சேர்த்து, 7,500-க்கும் மேல் ஹதீஸ்கள். பாடம் நடப்பது 220 நாள் என்று வைத்தாலும் நாளுக்கு 34 ஹதீஸ்!

என்ன ஆகிறது? ஈமான் (நம்பிக்கை), உளூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுதல்), தொழுகை பாபுகளில், அதாவது அத்தியாயங்களில், பஹஸ் என்ற விவாதம் நாள்கணக்கில் நீளும். தொழுகையில் ருகூவுக்குக் குனியும்போது கையை உயர்த்துவதா வேண்டாமா என்பதை ஆறு கிதாபிலும் ஆறு உஸ்தாதுமார்கள் (ஆசிரியர்கள்) அலசுவார்கள். ஷஅபானுக்கு முந்தைய ரஜப் வந்ததும் ஒரு மாணவர் இபாரத்தை, அதாவது அரபி மூலத்தை, வேகமாக வாசிப்பார், மற்றவர்கள் பக்கம் புரட்டுவார்கள். வியாபாரம், வாடகை, அடமானம் எல்லாம் அந்த ஓட்டத்தில் கரைந்துவிடும்.

அவர் ஆலிமாகி பள்ளிவாசலுக்கு வந்தால் ஜமாஅத்தார் கேட்பதோ பங்குச்சந்தை, காப்பீடு, தவணைக் கடன். (கையை உயர்த்துவது பற்றியும் கேட்பார்கள், சண்டை போடுவதற்கு!)

'இது பாரம்பரியம், கைவைக்கக் கூடாது' என்றார் எதிரணி நண்பர். எந்தப் பாரம்பரியம்? 18-ஆம் நூற்றாண்டில் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த தர்ஸே நிஜாமி என்ற மதரஸாப் பாடத்திட்டத்தில் ஹதீஸுக்கு இருந்தது மிஷ்காத் என்ற ஒரு தொகுப்பு மட்டுமே. ஆறு கிதாபும் பாடத்தில் ஏறியது 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த தேவ்பந்த் மதரஸாவின் காலத்தில். அன்று சேர்க்க முடிந்ததை இன்று பிரித்து அடுக்க முடியாதா?

தொழுகையின் பஹஸை அந்த ஆறில் ஒன்றான திர்மிதியின் பாடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புகாரியின் இரண்டாவது பீரியடை ஷவ்வாலிலேயே கிதாபுல் புயூஇலிருந்து, அதாவது வியாபாரப் பகுதியிலிருந்து, தொடங்குங்கள். தேர்வில் 'நான்கு இமாம்களின் ஆதாரங்களை எழுதுக' என்பதற்குப் பதிலாக ஒரு கடன் ஒப்பந்தத்தைக் கையில் கொடுங்கள். ரிபா (வட்டி) எந்த வரியில், கரர் (நிச்சயமில்லாத நிபந்தனை) எந்த வரியில் என்று மாணவர் கோடிட்டுக் காட்டட்டும்.

இதற்கு எந்த அரசாணை வேண்டும், எத்தனை ரூபாய் நன்கொடை வேண்டும்? எதிரணி எழுந்து சொல்லட்டும்.