ஆளே வராத ஊரில் கைடுக்குக் கடன் எதற்கு?

அடுத்த கேள்வி, மாமல்லபுரத்தில் கைடாக இருக்கும் நேயர் ஒருவருடையது. "கொரோனாவுக்குப் பிறகு சுற்றுலாவை மீட்கிறோம் என்று எங்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் கடன் அறிவித்தார்கள். ஆளே வராதபோது கடனை எப்படிக் கட்டுவது? இதை ஏன் உதவி என்கிறார்கள், சார்?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. நீங்கள் சொல்வது 2021 ஜூன் 28 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த திட்டம். கைடுகளுக்கு 1 லட்சம் வரை, சுற்றுலா ஏஜென்சிகளுக்கு 10 லட்சம் வரை கடன். அடமானம் வேண்டாம், பிராசஸிங் கட்டணம் இல்லை, முன்கூட்டியே அடைத்தாலும் அபராதம் இல்லை. கந்துவட்டிக்கு வாங்குவதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'அரசு 100 சதவீதம் உத்தரவாதம்' என்றார்களே, அது வங்கிக்கு. நீங்கள் கட்டாமல் போனால் வங்கிக்கு நஷ்டம் வராது, அவ்வளவுதான். உங்கள் கடன் உங்கள் தலையில் அப்படியேதான் இருக்கும்.

அப்புறம், இது யாருக்கு? மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற 10,700 கைடுகள், அதோடு மாநில அரசு அங்கீகரித்தவர்கள். சரி, அட்டை இல்லாதவர்? 2021 டிசம்பரில் நான் உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். சீசன் நேரம். ஒரு சிற்பக் கடையில் கையளவு கல் பிள்ளையார்களை வரிசையாக அடுக்கி, மேலே பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். வேட்டியின் மேல் அத்தனை தூசி. அந்தக் கடைக்காரர் இந்தத் திட்டத்தில் எங்கே வருகிறார்?

அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது. முதலில் வரும் 5 லட்சம் வெளிநாட்டவருக்கு இலவச விசா, 2022 மார்ச் 31 வரை. 2019இல் 1 கோடிக்கு மேல் வெளிநாட்டவர் வந்த நாடு இது, அதனால் எண்ணம் நல்லதுதான். ஆனால் 2020 மார்ச்சில் நின்ற வழக்கமான சர்வதேச விமானங்கள் திரும்ப ஓடத் தொடங்கியது 2022 மார்ச் 27இல். நான்கு நாளில் சலுகை முடிகிறது! நடுவே ஓமிக்ரான் வேறு. அதை யாரும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாதுதான். ஆனால் சலுகைக் காலத்தை விமானம் ஓடத் தொடங்கும் நாளிலிருந்து எண்ணியிருக்கலாமே. எனக்கு இதில்தான் பெரிய வருத்தம்.

ஜப்பான் வேறு வழியில் போனது. 2020 ஜூலையில், உள்நாட்டுப் பயணிகளின் செலவில் ஏறக்குறைய பாதியை அரசு ஏற்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். விடுதிக்குக் கடன் கொடுக்காமல் வாடிக்கையாளரை அனுப்பிவைத்தார்கள். ஆனால் தொற்று பரவியதால் டிசம்பர் கடைசியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அவசரப்பட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். வழி சரி, நேரம்தான் தப்பு.

நம் ஊரில் என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால், பள்ளிகள் திறந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் அழைத்து வந்து, உங்கள் கட்டணத்தை அரசே கொடுத்திருக்கலாம். கடனாக இல்லை, கூலியாக. அர்ச்சுனன் தபசில் முன்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையும், அதன் காலடியில் இருக்கும் எலிகளும் உங்களைப் போன்ற ஒருவர் விரல் நீட்டிக் காட்டினால்தானே பிள்ளைகள் கண்ணில் படும்?