கூரையைப் பாருங்கள்: நாளைய கார்களும் திருகோணமலை வெயிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

கண்காட்சி மேடையில் சுழலும் புதிய கொன்செப்ட் காரின் படத்தைப் பார்த்தால், கண் முதலில் சில்லுக்கும் முன் லைற்றுக்கும்தான் போகும். இன்று நான் உங்களைக் கூரையைப் பார்க்கச் சொல்கிறேன். கச்சான் வீசும் மாதங்களில், உச்சி வெயிலில், உட்துறைமுக வீதியிலோ உப்புவெளியிலோ நிழலில்லாமல் விட்ட காருக்குள் ஏறியவர்களுக்குக் காரணம் சொல்லாமலே விளங்கும்.

கொன்செப்ட் கார் விற்பனைக்குச் செய்யப்படுவதல்ல. ஓர் எண்ணத்தை முழு அளவில் செய்து, சனத்தின் முன் வைத்து, அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்கானது. 1938இல் ஜெனரல் மோட்டர்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் செய்வித்த பியூக் வை-ஜொப்தான் இந்த வகையில் முதலாவது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். மூடி மறையும் முன் லைற், மின்சாரத்தில் ஏறி இறங்கும் யன்னல் கண்ணாடி, உடலோடு பதிந்த கதவுப் பிடி எல்லாம் அதில் இருந்தன. பதிந்த பிடி இன்றைய மின்கார்களில் மறுபடி வந்திருக்கிறது. டொயோட்டா பிரியஸ் 1995இல் டோக்கியோ கண்காட்சியில் கொன்செப்டாக நின்றது. 1997 டிசெம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் வீதிகளில் ஓடும் பிரியஸும் அக்வாவும் அந்த வழி வந்தவைதான். 2019இல் ஹையுண்டாய் காட்டிய 45 என்ற கொன்செப்ட், 2021இல் ஐயோனிக் 5 ஆனது.

கணினியில் எல்லாம் வரையலாம் என்ற காலத்திலும் காரின் உருவத்தைக் களிமண்ணில்தான் முடிவு செய்கிறார்கள். குளத்துக் களிமண் அல்ல. மெழுகும் எண்ணெயும் கலந்த, காயாத களி. ஏறத்தாழ 60 பாகை வரை சூடாக்கினால் பூசும் பதத்துக்கு இளகும், அறை வெப்பத்தில் இறுகும். நுரைப் பலகையாலான உள்கூட்டின் மேல் சில சென்ரிமீற்றர் தடிப்பில் பூசி, இயந்திரத்தால் பருமட்டாக வெட்டி, பிறகு உருக்குத் தகட்டால் கையால் சுரண்டுவார்கள். அதன்மேல் வெள்ளி நிற மென்படலத்தை இழுத்து ஒட்டினால், வெளிச்சம் வளைவுகளில் எப்படி ஓடுகிறது என்று தெரியும். வெளிச்சக் கோடு ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே அரை மில்லிமீற்றர் பிழை இருக்கும். திரையில் தப்பிவிடும் அந்தப் பிழை, களிமண்ணில் தப்பாது.

கூரைக்கு வருகிறேன். மின்காரில் பற்றரி தளத்துக்குக் கீழே கிடக்கிறது. பல கார்களில் அது 12 முதல் 15 சென்ரிமீற்றர் வரை உயரம். தளம் உயர்ந்தால் இருக்கை உயரும், இருக்கை உயர்ந்தால் கூரையும் உயர வேண்டும். உயர்ந்த கார் பார்வைக்குப் பெட்டி போலாகும், காற்றையும் கூடத் தள்ள வேண்டிவரும். அதனால் உள்விரிப்பு இல்லாத கண்ணாடிக் கூரையைப் போட்டுத் தலைக்கு மேல் சில சென்ரிமீற்றரை மிச்சம் பிடிக்கிறார்கள். கண்ணாடிக் கூரை பரவியதற்கு அழகு மட்டும் காரணமல்ல.

அதை இங்கே கொண்டுவந்தால் என்ன நடக்கும்? தெளிந்த வானத்தில் நடுப்பகல் வெயில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1000 வோற் இறக்குகிறது. கூரை ஒன்றரைச் சதுர மீற்றர் என்றால் 1500 வோற்; உடுப்பு அழுத்தும் அயனை விடக் கூடுதலான சூடு தலைக்கு மேல். கறுப்புச் சாயமும் பூச்சும் அதில் பெரும்பங்கைத் தடுக்கும். ஆனால் தடுத்த சூட்டில் ஒரு பகுதியைக் கண்ணாடியே விழுங்கித் தானும் கொதித்து, உள்ளே தலையில் காயும். குளிரூட்டிக்கு மணிக்கு ஒன்றரை அலகு மின்சாரம் போகிறது என்று வையுங்கள். 100 கிலோமீற்றருக்கு 15 அலகு எடுக்கும் காரில் அது 10 கிலோமீற்றர் ஓட்டம்.

அதே கூரையில் சூரியத் தகடு பதித்தால்? 20 சதவீதம் மின்சாரமாக மாறினால் நடுப்பகலில் 300 வோற். ஒரு நாளில் ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமம் கிடைத்தால் ஒன்றரை அலகு, அதாவது அதே 10 கிலோமீற்றர். ஆனால் தகடு சூடேறினால் விளைச்சல் குறையும். 65 பாகையில் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். உப்புப் படலமும் புழுதியும் இன்னும் கொஞ்சம் தின்னும். அதோடு காரை வெயிலில் விட்டால்தான் மின்சாரம். வெயிலில் விட்டால் பிறகு குளிரூட்டிக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எனவே இந்த ஊருக்கு, உள்ளே வெப்பத்தடுப்பு வைத்த வெள்ளைத் தகரக் கூரையும் ஒரு வேப்பமர நிழலும் இரண்டையும் விட நல்லவை என்பது என் தீர்மானமான கருத்து.

அண்மைக் கொன்செப்ட்களில் என் மனதுக்கு மிகப் பிடித்தது 2022இல் சிட்ரொயன் காட்டிய ஓலி. அதன் முன் கண்ணாடி செங்குத்தாக நிற்கிறது. சாய்ந்த கண்ணாடிக்குப் பரப்பு கூட, நிறை கூட, உள்ளே விழும் வெயிலும் கூட. நிமிர்த்தினால் மூன்றும் குறையும். குளிரூட்டியின் மின்தேவை இதனால் 17 சதவீதம் வரை குறையலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. முன்கதவுகள் இரண்டு பக்கத்துக்கும் ஒரே வார்ப்பு. கூரையும் பொனற்றும் மறுசுழற்சி அட்டையில் தேன்கூடு செய்து இருபக்கமும் கண்ணாடி நார் ஒட்டிய பலகைகள். ஆள் ஏறி நிற்கலாம். நிறை 1000 கிலோ அளவு, பற்றரி 40 அலகு, வேகம் 110க்கு மேல் போகாது, இலக்கு 400 கிலோமீற்றர். உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வர நாட்கணக்கில் காத்திருக்கும் ஊருக்கு, இடமும் வலமும் ஒன்றேயான கதவு எவ்வளவு பெரிய உதவி!

எதிர்த் திசையில் மெர்சிடிஸின் விஷன் ஈ.கியூ.எக்ஸ்.எக்ஸ். காற்றுத்தடைக் கெழு, அதாவது வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு, 0.17தான்; குறையக் குறைய நல்லது. 2022 ஏப்ரலில் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட்டிலிருந்து பிரான்ஸின் கசி வரை ஒரே சார்ஜில் 1000 கிலோமீற்றர் தாண்டியது. அரிய வேலை. ஆனால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது: 120இல் இருப்பதில் கால்பங்குதான் 60இல். கந்தளாய், ஹபரணை வழியில் 60, 70இல் போகிறவருக்கு அந்த மீன் வடிவத்தால் வரும் லாபம் குறைவு; நிறையும் ரயரும் குளிரூட்டியுமே அவருடைய செலவு.

பெரிய சில்லைப் பற்றியும் ஒரு கணக்கு. ரயரில் 205/55 ஆர் 16 என்றிருந்தால், 205 மில்லிமீற்றர் அகலத்தில் 55 சதவீதம், அதாவது 113 மில்லிமீற்றர் பக்கச்சுவர். கொன்செப்ட் பாணியில் 255/30 ஆர் 22 என்றால் 77 மட்டுமே. வீதிக் குழியில் இறங்கும்போது அடியை வாங்கும் றப்பர் அவ்வளவுதான். மிச்சம் றிம்முக்குப் போகும், றிம் வெடிக்கும்.

உப்புக் காற்று இன்னொரு சோதனை. உருக்கும் அலுமினியமும் தொட்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் அரிபடுவது அலுமினியம்தான். தொழிற்சாலையில் பூச்சிட்ட போல்ற்றும் பசையும் வைத்துப் பிரித்திருப்பார்கள். திருத்தும்போது சாதாரண போல்ற் போட்டால் அதைச் சுற்றி வெள்ளைத் தூள் பூக்கும். டெஸ்லா மொடல் வையின் பின்தளத்தில் ஏறக்குறைய 70 துண்டுகளுக்குப் பதிலாக ஓரிரு பெரிய அலுமினிய வார்ப்புகளே வந்தன. செய்வதற்கு இலகு, ஆனால் வார்ப்பு வளையாது, வெடிக்கும், இழுத்து நிமிர்த்த முடியாது. இத்தகைய காரை வாங்க நினைப்பவர், பம்பருக்கும் வார்ப்புக்கும் இடையில் போல்ற்றில் கழற்றி மாற்றக்கூடிய நசுங்கும் துண்டு உண்டா என்று கேட்க வேண்டும்.

உள்ளே எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் அடக்கும் பாணி கொஞ்சம் திரும்புகிறது. சிக்னல், அபாய விளக்கு, வைப்பர், ஹோர்ன் போன்றவற்றுக்குத் தனி விசைகள் வைப்பதை, கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கெப்பின் 2026 முதலான மதிப்பீடு ஊக்குவிக்கிறது. வியர்த்த விரலாலும் கண் கூசும் வெயிலிலும் திரையைத் தேடும் நமக்கு இது நல்ல செய்தி.

கடைசியாக, கொன்செப்ட்களிலிருந்து இறங்கி இப்போது எங்கும் காணும் முழு அகலப் பின் லைற். மார்கழி மழையில் உள்ளே மெல்லிய பனிப்படலம் வந்து, லைற் எரிய ஓரிரு மணியில் மறைந்தால் அது பழுதல்ல. காற்று போய்வர அதில் ஒரு சிறு துளை வைத்திருக்கிறார்கள். அடியில் நீர் தேங்கினால்தான் அடைப்பு விட்டிருக்கிறது. பலர் பயந்து சுற்றிலும் சிலிக்கன் பூசி அந்தத் துளையையும் அடைத்துவிடுகிறார்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி மின்தகட்டைத் தின்றுவிடும். பிறகு முழுக் கோர்வையையும் மாற்ற வேண்டிவரும். பூசுமுன் துளை எங்கே என்று கராஜில் காட்டச் சொல்லுங்கள்.

நன்றி. வணக்கம்.